தனுஷ்கோடி சாரின் சொற்றொடர்கள்

ஜனவரி 11

அவர் என்ன சாப்பிட்டார், மாத்திரை எப்போது கொடுத்தோம், ஏதாவது பேசினாரா என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்காகத்தான் இந்த டைரி. அட்டை தலைகீழாக ஒட்டிவிட்டதால் எங்கள் அச்சகத்தில் கழித்துப் போட்டது. அங்கே பைண்டிங் பிரிவில் பக்கம் சரிபார்ப்பது என் வேலை. சிவகாசியில் இருந்து ஊருக்கெல்லாம் டைரி போட்டு அனுப்புகிறோம். நான் ஒன்றில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மூளையின் இடது பக்கத்தில் ரத்த அடைப்பு. மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு சுத்தமாக இல்லை. உயிருக்குப் பயமில்லை என்று இன்றுதான் வாய் திறந்து சொன்னார்கள்.

சாப்பிட்டது: இட்லி ஒன்று, பாலில் குழைத்து. பேசியது: ஒன்றுமில்லை.

ஜனவரி 12

சாப்பிட்டது: இட்லி ஒன்றரை. பேசியது: ஒன்றுமில்லை.

நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். மோட்டார் ரிப்பேர், பால்காரர் கணக்கு, எதிர்வீட்டு அந்தோணியம்மாள் வீட்டுப் பூனை குட்டி போட்டது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருக்கும் அம்மாள், "வீட்டுலயும் இப்பிடித்தான் வாய் ஓயாம பேசிக்கிட்டு இருப்பீகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 14

பேசினார்.

காலையில் நர்ஸ் வந்து போர்வையை மடித்துக்கொண்டே, "சார், தூங்குனீங்களா?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்து, "இன் தி மார்னிங்" என்றார். தெளிவாக. வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்தி.

நர்ஸ், "ஆமா சார், மார்னிங்தான்" என்று சிரித்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. மத்தியானம் மறுபடியும் அதையே சொன்னார். சாயந்திரம் ரசம்சோறு ஊட்டும்போதும், "இன் தி மார்னிங்."

தமிழில் ஒரு சொல்கூட வரவில்லை. என் பெயரும் வரவில்லை. அது பரவாயில்லை.

ஜனவரி 16

நேற்று இரவு, "எ பன்ச் ஆஃப் கீஸ்" என்றார். சாவிக்கொத்து என்று அர்த்தமாம். கூட இருந்த அவருடைய அண்ணனுக்கு அது போதும். "பீரோ சாவியைக் கேக்கான். உள்ள ஏதோ முக்கியமான பத்திரம் இருக்கு போல" என்று அப்போதே சிவகாசிக்கு பஸ் ஏறிவிட்டார். காலையில் வீட்டிலிருந்து போன் செய்தார். பீரோவில் என் பட்டுச்சேலையும் கேஸ் சிலிண்டர் புத்தகமும்தான் இருந்ததாம்.

விஷயத்தை அவிழ்த்தது மகள் பிரதீபா. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து வந்து எங்கள் கூடவே இருக்கிறாள். அவர் இன்று மூன்றாவதாக, "அண்டர் தி டேபிள்" என்றதும் அவள் முகம் மாறியது.

"அம்மா, இது அப்பா டென்த்துக்கு எடுக்கிற ஃபிரேஸ் பாடம். இன் தி மார்னிங், எ பன்ச் ஆஃப் கீஸ், அண்டர் தி டேபிள். எனக்கும் இதே எக்சாம்பிள் சொல்லித்தான் நடத்துனாக."

"அப்போ சாவி எதுவும் கேக்கலையா?"

"எதுவும் கேக்கலம்மா. பாடம் நடத்துறாக."

நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவுக்கு வந்து சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். நான் கேன்டீனுக்குப் போய் இரண்டு காபி வாங்கி வந்தேன்.

ஜனவரி 20

பேச்சுப் பயிற்சி கொடுக்க ரெஹானா என்று ஒரு பெண் வருகிறார். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் அவசரமே இல்லாதவர். அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

"சாருக்கு நாம பேசுறது பெரும்பாலும் புரியுது. சொல்ல நினைக்கிறதும் உள்ள இருக்கு. அதை எடுத்து வெளிய கோக்கிற இடத்துலதான் அடி. ஆனா ஆயிரம் தடவை சொன்னது சிலது தப்பிச்சிரும்மா. சிலருக்கு பாட்டு வரும், சிலருக்கு ஒண்ணு ரெண்டு மூணு வரும், சிலருக்கு கெட்ட வார்த்தை மட்டும் வரும். சாருக்கு பாடம் வருது. அதைப் பிடிச்சிக்கிட்டே மேல ஏறலாம்."

"தமிழ் வருமா?"

"வரும்னு நினைக்கிறேன். எது முன்ன, எது பின்னன்னு சொல்ல முடியாது. முதல் சில மாசம் முக்கியம். வீட்டுல யார் சாரோட உக்காந்து பயிற்சி செய்வீங்க? உங்களுக்கு இங்கிலீஷ் பழக்கம் இருக்கா?"

பிரதீபா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்த வாரம் கல்லூரி.

"பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். கத்துக்கிறேன்" என்றேன்.

கட்டிலில் இருந்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 25

வீட்டுக்கு வந்துவிட்டோம். கம்பு ஊன்றி ஆறேழு அடி நடக்கிறார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவர் காது கேட்காதவர் என்று நினைத்துக் கத்திப் பேசுகிறார்கள். அந்தோணியம்மாள் மட்டும், "சார், கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன், உப்பு கம்மியாப் போட்டு" என்று சாதாரணமாகச் சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

சென்னையில் இருந்து சித்ரா அக்கா போன். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 30

பிரதீபா ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் என் போனில் இருபது வீடியோ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். கொரோனா சமயத்தில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது, அவர் பிள்ளைகளுக்காக இந்த வீட்டிலிருந்தே பதிந்து அனுப்பிய பாடங்கள். அதில் ஆறு, ஃபிரேஸ் பற்றியது.

அச்சகத்தில் மத்தியானம் வரைக்கும் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தோணியம்மாள் அவரைப் பார்த்துக்கொள்கிறார். நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டபடியே பக்கம் சரிபார்க்கிறேன். கைக்கு அந்த வேலை பழகிப்போனது, காது சும்மாதானே இருக்கிறது.

"ஃபிரேஸ்னா என்ன? ரெண்டு மூணு சொல்லு கூட்டாச் சேர்ந்து நிக்கும். அர்த்தம் இருக்கும், ஆனா முழுசா இருக்காது. அண்டர் தி டேபிள். மேசைக்கு அடியில. சரி, மேசைக்கு அடியில என்ன? யாரு? அது தெரியாது. அதுக்கு ஒரு வாக்கியம் வேணும். தனியா நின்னா அது காத்துக்கிட்டேதான் இருக்கும். யாரும் பயப்படாதீங்க, இது ரொம்ப லேசு."

எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார். ஒரு பையன் புரியவில்லை என்று எழுதியனுப்பியிருப்பான் போல. அடுத்த வீடியோவில் அவன் பெயரைச் சொல்லி முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். "கேட்டது நல்லதுய்யா. கேக்காம இருந்தாத்தான் கஷ்டம்."

அந்த இடத்தில் ஒயரைக் கழற்றிவிட்டேன். பாரம், அதாவது அச்சடித்து மடித்த தாள் கட்டு, ஒன்று வரிசை மாறியிருந்தது, எடுத்துத் தனியாக வைத்தேன்.

பிப்ரவரி 3

நவுன் ஃபிரேஸ் முடித்தேன். "மை எல்டர் பிரதர்", "எ கிளாஸ் ஆஃப் வாட்டர்", "தி ப்ளூ ஷர்ட்". ஒரு பெயர்ச்சொல், அதைச் சுற்றி அதன் ஆட்கள். வீட்டில் ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டி அவர் முன்னால் சொல்கிறேன். முதல் சொல்லை நான் எடுத்துக் கொடுத்தால் மீதி அவருக்கு வருகிறது. "எ கிளாஸ்..." என்று நான் நிறுத்தினால், "ஆஃப் வாட்டர்" என்று முடிக்கிறார். தண்ணீர் கொடுக்கிறேன். குடிக்கிறார். இருவருக்கும் திருப்தி.

'ஷர்ட்' என்பதை நான் தப்பாகச் சொன்னேன். திருத்துவதற்கு வாய் எடுத்தார், வரவில்லை. நான் வேண்டுமென்றே மறுபடியும் தப்பாகச் சொன்னேன். "ஷர்ட்" என்றார் கோபமாக. ரெஹானாவிடம் இதைச் சொன்னபோது, நல்ல முறை, தொடருங்கள் என்றார்.

பிப்ரவரி 6

டம்ளரைத் தூக்கி எறிந்தார். பாயாசம். சுவர் கழுவ நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 9

இரண்டு மூன்று நாளாகப் பார்ப்பது 'டு' என்று ஆரம்பிக்கும் வகை. அதுதான் எங்களுக்கு மிகவும் உபயோகம். "டு ஸ்லீப்", "டு வாக்", "டு ஈட்". வேண்டியதைக் கேட்டு வாங்க ஒரு கைப்பிடி கிடைத்ததுபோல இருக்கிறது அவருக்கு. நேற்று, "டு கட் தி ஹேர்" என்று தலையைத் தொட்டுக் காட்டினார். சலூன் கடைக்காரரை வீட்டுக்கே வரச் சொன்னேன். முடி வெட்டி, முகம் மழித்தபிறகு பழைய ஆள் மாதிரியே கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

ஐந்தாவது வீடியோவில் பாதியில் குக்கர் விசில் கேட்கிறது. பிறகு ஒரு பெண் குரல், "என்னங்க, முடிஞ்சதா? சோறு ஆறுது." அவர் பாடத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, "இந்தா, வந்துட்டேன் செல்வா, ரெண்டே நிமிசம்" என்கிறார். பிறகு பிள்ளைகளிடம், "உங்க டீச்சரம்மா கூப்பிடுறாக. அதுக்குள்ள முடிச்சிருவோம்" என்று சிரிக்கிறார்.

அந்தக் குரல் என்னுடையது. எனக்கு அடையாளம் தெரிய சற்று நேரமானது. அந்த இடத்தை நாலைந்து முறை ஓட்டிக் கேட்டேன். பாடத்துக்காக.

பிப்ரவரி 13

சித்ரா அக்கா மறுபடியும். "மே வரைக்கும் உனக்காக ஆள் போடாம வச்சிருக்கேன் செல்வா. மாடி ரூமும் சும்மாதான் கெடக்கு. ஆனா நெலமை இப்பிடி இருக்கையில நான் நெருக்க மாட்டேன். நீ யோசிச்சுச் சொல்லு" என்றாள். பெரியம்மா மகள். சென்னையில் பைண்டிங் யூனிட் வைத்திருக்கிறாள்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்காது.

பிப்ரவரி 16

பிரெபோசிஷனல் ஃபிரேஸ். பெயர்தான் பெரிசு. எங்கே, எப்போது என்று கேட்டால் பதிலாக வருவது. கீழே, மேலே, பின்னால், பக்கத்தில்.

இதில் ஒன்று கண்டுபிடித்தேன். நாம் "மேசைக்கு அடியில்" என்கிறோம். பொருளை முதலில் காட்டிவிட்டுப் பிறகு இடத்தைச் சொல்கிறோம். அவர்கள் "அண்டர்" என்று இடத்தை முதலில் சொல்லிவிட்டு, எதற்கு அடியில் என்பதைக் கடைசியில் சொல்கிறார்கள். ரெஹானாவிடம் சொன்னேன். "ஆமாம்மா. சாருக்கு அந்தக் கடைசிப் பேர்ச்சொல்தான் சிக்குது, கவனிச்சீங்களா? அண்டர் வந்துருது, பாடத்துல இல்லாத பேரு வர மாட்டேங்குது. அவசரப்படுத்தாம நீங்க ஒவ்வொரு பேராச் சொல்லிப் பாருங்க. சரியானது வந்தா அவரே புடிச்சுக்குவார்" என்றார்.

இன்னொன்று. ஒரே சொற்றொடர் உட்காரும் இடத்தைப் பொறுத்து வேலை மாறுமாம். 'மூலையில் இருக்கும் பெண்' என்றால் அது எந்தப் பெண் என்று சொல்கிறது, அட்ஜெக்டிவ். 'பெண் மூலையில் உட்கார்ந்தாள்' என்றால் எங்கே என்று சொல்கிறது, அட்வெர்ப். மூலை அதேதான், பெண்ணும் அதே பெண்தான்.

பிப்ரவரி 20

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொரு மணிபோல அச்சகத்துக்கு அந்தோணியம்மாளிடம் இருந்து போன். "ரேசன் கடைக்குப் போயிட்டு வந்தேன் செல்வா, சாரைக் காணல. கம்பையும் காணல. நான் என்ன செய்வேன்" என்று அழுகிறார். நான் பாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் தெருவில் இல்லை. மெயின் ரோட்டில் இல்லை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. யாராவது நிறுத்தி, யாருய்யா நீ, எங்க போகணும் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? எ பன்ச் ஆஃப் கீஸ் என்பார். குடித்திருக்கிறான் என்று நினைப்பார்கள்.

அவர் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ரயில்வே கேட் வரை போய்த் திரும்பும்போது அவரே கூப்பிட்டார்.

"எங்க இருக்கீக? என்னங்க, எங்க இருக்கீக?"

மூச்சு மட்டும் கேட்டது. நான் கத்துவதை நிறுத்தினேன். ரோட்டோரத்தில் நின்று, ரெஹானா கேட்பதுபோல நிதானமாகக் கேட்டேன்.

"எங்க?"

"பிஹைண்ட்..."

"பின்னால. சரி. எதுக்குப் பின்னால?"

"பிஹைண்ட் தி... தி... தி..."

"நான் சொல்றேன், நீங்க கேளுங்க. கோயில்?"

"நோ."

"ரயில்வே கேட்? பஸ் ஸ்டாண்டு?"

"நோ. நோ." குரல் உடையப் போனது.

"இருங்க, அவசரம் இல்ல. நான் இங்கனதான் நிக்கிறேன். மார்க்கெட்? ஆஸ்பத்திரி?"

"பிஹைண்ட் தி..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஸ்கூலா?"

அந்தப் பக்கம் பெருமூச்சு. "பிஹைண்ட் தி ஸ்கூல்" என்றார். முழுதாக.

ஆட்டோ பிடித்துப் போனேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் மதிலை ஒட்டிச் சாக்கடைக்கு மேல் கல் பாவியிருக்கும். அதில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. செருப்பு சரியாக இருந்தது. அடிபடவில்லை. தலைக்கு மேலே பத்தாம் வகுப்பு ஜன்னல். உள்ளே அவருக்குப் பதிலாக வந்திருக்கும் டீச்சர் பரீட்சைக்காகப் பழைய பாடத்தைத் திருப்பி நடத்துகிறார். பிள்ளைகள் கூட்டமாகச் சொல்லுகிறார்கள். இவர் இங்கே கல்லில் உட்கார்ந்து அவர்களுக்கு ஒரு நொடி முன்னாலேயே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்ட வேண்டும் என்று வந்தேன், முடியவில்லை. மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "டு சென்னை" என்றார்.

"என்ன?"

"மை வைஃப்." பிறகு, "டு சென்னை. இன்... இன் மே."

புரியவில்லை என்று சொன்னேன். ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 21

காய்ச்சல் எனக்கு. அச்சகத்துக்குப் போகவில்லை. அவர் கம்பு ஊன்றி வந்து, "எ கிளாஸ் ஆஃப் வாட்டர்" என்று டம்ளரை நீட்டினார். தனக்குக் கேட்கிறார் என்று எழுந்தேன். எனக்குக் கொண்டுவந்திருக்கிறார். பாதி வழியில் சிந்தியது போக மீதி.

மார்ச் 5

இன்று குறித்து வைக்க வேண்டிய நாள்.

காலை டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, பிரதீபாவுடன் போனில் பேசப் போனேன். செமஸ்டர், ஹாஸ்டல் சாப்பாடு என்று பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்து அடுப்படியில் காய் நறுக்க உட்கார்ந்தேன். முன்னறையில் இருந்து குரல் வந்தது.

"டீ ஆறிப்போச்சு."

நான் அசையவில்லை. டிவியாக இருக்கும் என்று நினைத்தேன். டிவி ஓடவில்லை.

"செல்வா. டீ... ஆறிப்போச்சு."

தமிழ். ஒரு எழுவாய், அதற்கு ஒரு வினை. எதற்கும் காத்திருக்காத முழு வாக்கியம். அதோடு என் பெயர்.

"இந்தா, வேற போட்டுத் தர்றேன்" என்றேன். அடுப்பைப் பற்ற வைத்தேன், பாலை ஊற்றினேன், டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பு" என்றார்.

சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டிருக்கிறேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது பக்க உதடு இன்னும் சரியாக மேலே ஏறாது, இடது பக்கம் மட்டும் சிரிக்கிறது. எனக்கும் வந்தது. அந்தோணியம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்து, என்னவோ ஏதோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

ரெஹானாவுக்குப் போன் செய்தேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, நாளைக்கு வராமலும் போகலாம், அதற்காக மனதை விட்டுவிடாதீர்கள் என்றார். வராவிட்டால் வராமல் போகட்டும். ஒரு தடவை வந்தது.

மார்ச் 8

வரவில்லை. இங்கிலீஷ் மட்டும்.

மார்ச் 11

வந்தது. "மின்சாரம் இல்ல." "பூனை வந்துச்சு." எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள். பூனை வந்ததை இவ்வளவு ஆசையாக நான் யாரிடமும் கேட்டதில்லை.

மார்ச் 19

சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். உட்கார்ந்தேன். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. நெற்றியில் வேர்வை. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாதபோது எடுத்துக் கொடுப்பது எப்படி?

"நீ கேட்ட" என்றார். பிறகு, "நான் சிரிச்சேன்."

"எப்ப?"

"ஜூன்ல."

இதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் இவ்வளவு பாடுபட்டுச் சொன்னதால் எழுதுகிறேன். போன ஜூனில் அச்சகத்தில் இங்கிலீஷ் புத்தகங்களின் சரிபார்ப்புக்கு மேற்பார்வை ஆள் தேவைப்பட்டது. என்னைத்தான் முதலில் கேட்டார்கள். ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் போதும், மூன்று மாதத்தில் கற்றுக்கொள் என்றார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன், எனக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று. "இந்த வயசுல ஏ பி சி டி-யா?" என்று சிரித்தார். பிறகு பிரதீபாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், அவளும் சிரித்தாள். அந்த வேலை வேறு ஒருத்திக்குப் போனது. அதற்குப் பிறகு நான் அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏழு மாதம் அப்படித்தான் போனது. சித்ரா அக்காவிடம் வருகிறேன் என்று சொன்னது அந்தச் சமயத்தில்.

"அன்னைக்கு பிரதீபாகிட்ட என்ன சொன்னீக?" என்று கேட்டேன்.

யோசித்தார். தலையை ஆட்டினார். நினைவில் இல்லை. நிஜமாகவே நினைவில் இல்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏழு மாதமாக நான் அர்த்தம் தேடிக்கொண்டிருந்த ஒன்று அவரிடமே இல்லை.

"தப்பு" என்றார். சிறிது நேரம் கழித்து, வாக்கியமாகவே சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "நான் செஞ்சது தப்பு" என்றார்.

"சரி, மாத்திரை போடுங்க" என்றேன்.

நன்றாகத் தூங்கினேன். விடிந்து பால்காரர் மணி அடித்துத்தான் எழுந்தேன்.

மார்ச் 27

பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியர் வந்திருந்தார். மருத்துவ விடுப்பு ஜூன் வரை இருக்கிறது, பிறகு வகுப்பு எடுக்க முடியாவிட்டால் நூலகப் பொறுப்பு தரலாம், அவசரமில்லை என்றார். தலைமையாசிரியர் கிளம்பியதும் சித்ரா அக்காவின் போன் வந்தது. இந்தத் தடவை நான் எழுந்து வெளியே போகவில்லை. அவர் எதிரிலேயே பேசினேன். இன்னும் முடிவு செய்யவில்லை, சொல்கிறேன் என்றேன்.

வைத்ததும் அவர் கேட்டார். "வேலை... நல்ல வேலையா?"

"நல்ல வேலைதான். பள்ளிக்கூடப் புஸ்தகம். இங்கிலீஷும் இருக்கு. இப்போ நான் ஓரளவு வாசிப்பேன்."

தலையசைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "போகலாம்" என்றார்.

போகலாம் என்றால் நீ போய்க்கொள்ளலாம் என்றும் ஆகும். நம்முடைய தமிழில் இதுதான் சிக்கல், எழுவாய் இல்லாமலேயே வாக்கியம் முடிந்துவிடும், கேட்கிறவர் திண்டாட வேண்டும். வீடியோவில் அவர் பிள்ளைகளைக் கேட்பதுபோல நான் கேட்டேன்.

"யாரு போகலாம்? எழுவாய் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். நாக்கு 'ந' என்று மேல்பல்லைத் தொட்டது. 'நீ' வரப்போகிறது என்று நினைத்துச் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாம" என்றார்.

மே மாதம் இரண்டு பேரும் போய், இருந்து பார்த்துவிட்டு வருவது என்று முடிவாகியிருக்கிறது. அக்காவின் மாடி அறைக்குப் படி எத்தனை என்று கேட்க வேண்டும். கைப்பிடி இருக்கிறதா என்றும்.

ஏப்ரல் 3

ரெஹானாவைப் பார்க்க மதுரைக்குப் போனோம். காரெல்லாம் வேண்டாம், பஸ்ஸில் போவோம் என்று அவர்தான் பிடிவாதம். வாசலில் நின்று அது பற்றிப் பெரிய வாக்குவாதம். கூட்டமாக இருக்கும் என்றேன். "இருக்கட்டும்" என்றார். ஏறும்போது விழுந்தால் என்ன செய்வது என்றேன். "நீ இருக்க" என்றார். இரண்டு சொல்லில் வாயை அடைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அந்தோணியம்மாள் ஜன்னலில் இருந்து வேடிக்கை பார்த்தார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து, "எங்க போகணும்?" என்று கேட்டதும் நான் பர்ஸைத் திறந்துகொண்டே பதில் சொல்லப் போனேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கண்டக்டரை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் இரண்டு பேர் டிக்கெட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் காத்திருந்தார்.

"ரெண்டு மதுரை" என்றார்.

அதில் வினைச்சொல் இல்லை. கண்டக்டர் கேட்கவும் இல்லை. இரண்டு டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.